என் பேஸ் இல்லாத ஆல்பம்

செவ்வாய்க்கிழமை, இரவு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நான் பதினோரு வருடம் பேஸ் கிட்டார் வாசித்த சென்னை ராக் குழு, எங்கள் முதல் ஆல்பத்தை மெருகேற்றித் திரும்ப வெளியிட்டிருக்கிறது. அல்லிநகரத்தில் என் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டேன். ஒரு பாட்டில்கூட என் வாசிப்பு இல்லை. பாடகன் தினேஷைக் கூப்பிட்டேன்.

"தாளம் அங்கங்க தள்ளிப் போகுது மச்சான். கம்ப்யூட்டர்ல புதுசா வச்சுட்டோம். உன் பேர் இருக்குல்ல?" என்றான்.

"வாசிக்காதவன் பேரு எதுக்குடா?" என்று கத்தினேன்.

"ரெக்கார்டிங்ல நீ இதெல்லாம் செஞ்சதே இல்லையா?"

போனை வைத்துவிட்டேன். செய்திருக்கிறேன். பெரியகுளம் அந்தோணி வாத்தியார் மகள் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு எழுதி, என்னிடம் ரெக்கார்டிங்குக்கு வந்து, தானே டிரம்ஸும் வாசித்தார். அவர் ஊருக்குக் கிளம்பியதும் அந்த டிரம்ஸை அழித்து மெஷின் தாளம் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

இன்று அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. என் கை அம்புட்டுச் சுத்தமா விழாது. எல்லாரும் நல்லாருக்குன்னாக. மகதான், இதுல நீங்க எங்க இருக்கீகப்பான்னு கேட்டா. பழசு இருந்தாக் குடுங்க."

அழித்துவிட்டேன் என்றேன்.

"அப்ப காலையில வந்து திரும்ப வாசிக்கிறேன். தப்பு விழுந்தாலும் அப்படியே இருக்கட்டும்."

சரி என்றேன். தினேஷ் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். எடுக்கவில்லை.