பனிமலையின் கீழே உங்கள் மகள்

அக்கா,

இன்று காலை முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். தண்ணீர் வற்றி, ஓடு வெடித்து, வீடு முழுக்க ஒரே நாற்றம். யன்னலைத் திறந்தால் பெப்ரவரிக் குளிர் பாய்ந்து வருகிறது. திறக்காவிட்டால் மூச்சு விட முடியவில்லை. ஒரு தட்டால் விசிறிக்கொண்டு குசினியில் நின்றபோது உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. பனிமலையிலிருந்து இறங்கும் ஆறு இப்படி நாறினால், பனிக்கு அடியில் இருக்கும் எரிமலை அதை உருக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். உங்கள் மகள் ஒருமுறை அப்படிச் சொன்னாள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் முட்டை அவித்ததை நான் காணவில்லை. பொரியல் மட்டும்தான்.

இறந்துபோனவருக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை சொல்லித் தொடங்க வேண்டும். உங்கள் அடக்கப் பூசைக்கு வந்த எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். தங்கமான மனுசி, கை நிறையக் கொடுப்பவ, யாரையும் நோகப் பேசாதவ. கடைசியாகச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. உங்கள் மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் அது குறைந்தபாடில்லை.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இந்தச் செங்கல் கட்டடத்தில் நீங்கள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு முன்னால் நின்றபோதுதான் முதலில் கதைத்தோம். நீங்கள் மன்னார், வேதக்காரர், கணவரை இழந்தவர், குழந்தைகளைப் பார்க்கும் ஒரு கார்டெரியில் சமையல். நான் யாழ்ப்பாணம், சைவம், கல்யாணம் கட்டாதவள், காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் தட்டச்சு வேலை. தம்பிதான் ஸ்பொன்சர் செய்து என்னைக் கூப்பிட்டவன். அவனுடைய பிள்ளைகளை நான்தான் வளர்த்தேன். அவர்கள் வளர்ந்ததும் தம்பி குடும்பத்தோடு கர்க்லாண்டில் வீடு வாங்கிக்கொண்டு போனான். வருடப் பிறப்புக்குப் போன் வரும். பிள்ளைகள் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தகப்பனிடம் போனைக் கொடுத்துவிடுவார்கள்.

உங்களுக்கு ஜெனிற்றா இருந்தாள், ஒரே மகள். இங்கே கூடப் படித்த ஐஸ்லாந்துப் பையனைப் பிடித்துப்போய், அவனைக் கட்டி, அவனுடைய ஊருக்கே போய்விட்டாள். அவன் வீட்டார் ஆட்டுப் பண்ணைக்காரர். பெரிய பனிமலை ஒன்றின் அடிவாரச் சமவெளியில் அவர்களுடைய வீடு. கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு இடையனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பில் இருந்தது கவலையா பெருமையா என்று எனக்குத் தெரியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கையில் பொரித்த பற்றிஸ் தட்டோடு என் கதவைத் தட்டினீர்கள். நிலம் அடிக்கடி நடுங்குகிறது என்று மகள் சொன்னாளாம். கொம்பியூட்டரில் பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். தேடிப் பிடித்தேன். அந்த நாட்டு வானிலைக் கந்தோர் மலையின் படத்தைப் போட்டு, ஒவ்வொரு அதிர்வையும் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டே இருந்தது. புதிய அதிர்வு சிவப்பு, நேரம் போகப் போக மஞ்சள், பழசானால் நீலம். பெரிய அதிர்வென்றால் பச்சை நட்சத்திரம். மலையின் நடுவில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்தன. கொப்பளிப்பான் போட்ட முகம் மாதிரி இருக்கிறது என்றீர்கள். பிறகு அந்தப் புள்ளிகளை ஒரு விரலால் தொட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். திரையில் பட்ட பற்றிஸ் எண்ணெயை நீங்கள் போன பிறகு துடைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஒரே இடத்தில் சின்னச் சின்ன அதிர்வுகள் கூட்டமாக வந்தால் கீழேயிருந்து நெருப்புக் குழம்பு மேலே ஏறுவதாக இருக்கலாம். ஒன்றுமில்லாமல் அடங்கியும் போகலாம். அதிர்வு எவ்வளவு ஆழத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். புயல் அடித்தாலும் கருவி துள்ளும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இதையெல்லாம் படித்தேன். மெற்றோவில் படித்தேன், கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒளித்துப் படித்தேன். அங்கே நெருப்பை விடத் தண்ணீர்தான் ஆபத்து என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். எரிமலை வெடித்தால் மேலே கிடக்கும் பனி உருகி, அந்த வெள்ளம் முழுவதும் சமவெளியில் வந்து பாயும். சனங்கள் மேட்டுக்கு ஏற வேண்டும். வெள்ளம் எங்கெங்கே பரவும் என்று நீலத்தில் காட்டிய வரைபடம் ஒன்றைக் கந்தோர்ப் பிரின்டரில் எடுத்து என் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

இவ்வளவும் செய்தது நான். ஆனால் சனம் விசாரித்தது உங்களை. மூலைத் தெப்பனர் கடைக்குப் போன் காட் வாங்கப் போனால் கடைக்காரன்கூட மகள் சுகமா என்று உங்களைத்தான் கேட்டான், பக்கத்தில் நான் மரம் மாதிரி நின்றேன். கோயிலில் சுவாமியார் பனிமலையின் கீழே வாழும் பிள்ளைக்காக மன்றாடுவோம் என்றபோது முன் வாங்குகளில் இருந்த சனம் எல்லாம் திரும்பி உங்களைப் பார்த்தது. அன்றைக்கு நானும் வந்திருந்தேன். மலையின் பெயரைச் சுவாமியார் பிழையாக உச்சரித்தார். திருத்த வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது.

போன் எடுக்கும்போது இன்னும் மோசம். ஆழம் என்ன என்று கேளுங்கோ, ஆறு பெருகியிருக்கிறதா என்று கேளுங்கோ என்று நான் பக்கத்தில் இருந்து சொல்லுவேன். நீங்கள் போன் காட்டைச் சுரண்டி, அந்த நீளமான இலக்கங்களை அழுத்தி, லைன் கிடைத்ததும் என்ன சமைத்தாய் என்று கேட்பீர்கள். காலுக்குச் சொக்ஸ் போட்டிருக்கிறாயா என்று கேட்பீர்கள். அதற்குள் காட்டில் இருந்த நேரம் முடிந்துவிடும். எரிமலைக்குக் கீழே இருக்கிறவளிடம் சொக்ஸைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் நீங்கள்தான் என்று ஒருநாள் சொன்னேன். சிரித்தீர்கள். நான் பகிடியாகச் சொல்லவில்லை.

உங்களுக்கு நினைத்துப் பயப்பட ஒரு ஆள் இருந்தது, அக்கா. எனக்கு உங்களிடம் பொறுக்க முடியாமல் இருந்தது அதுதான். காற்று அடித்தால், மழை பெய்தால், செய்தியில் ஒரு பெயர் வந்தால் உங்கள் மனம் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. என் மனம் கட்டடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி என்னிடமே வந்தது. எனக்கும் ஒருத்தரை நினைத்து வயிறு கலங்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இப்படியும் ஒருத்தி ஆசைப்படுவாளா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆசைப்பட்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. படம் முழுக்கச் சிவப்பு. பச்சை நட்சத்திரங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஆற்றங்கரைச் சனங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடத் தயாராக இருக்கும்படி அறிவித்திருந்தார்கள். நான் வாசித்துச் சொன்னதும் நீங்கள் என் வீட்டுப் போனிலேயே மகளை அழைத்தீர்கள். அன்றைக்குச் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை.

"பிள்ளை, உடன கோயிலுக்குப் போ," என்றீர்கள்.

உங்களுக்கு அது தானாக வந்தது. மன்னாரில் ஷெல் விழுந்த நாட்களில் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஓடியது கோயிலுக்கு. பீடத்துப் படிக்குக் கீழே சாக்கு விரித்து அவளைப் படுக்கப்போட்டு உயிரோடு கொண்டுவந்தீர்கள். எங்கள் சனம் எல்லாமே அப்படித்தான். நாங்களும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கிடந்தவர்கள். இடிச் சத்தம் கேட்டால் கால் கோயில் பக்கம் திரும்பும். ஆனால் அந்த ஊர்க் கோயில் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். என் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தில், நீலத்துக்கு நட்டநடுவில், ஒரு சின்னச் சிலுவை. வெள்ளம் வந்தால் முதலில் போவது அதுதான்.

கோயில் பள்ளத்தில் இருக்கிறது, மேட்டுக்குப் போகச் சொல்லுங்கோ என்றேன். நீங்கள் கையால் என்னைத் தள்ளினீர்கள். நான் போனைப் பிடுங்கப் பார்த்தேன். அப்போது சொன்னீர்கள்.

"பெத்தவள் நான் சொல்லுறன். நீர் பேசாமல் இரும்."

நான் கையை எடுத்துவிட்டேன். மகள் அந்தப் பக்கத்திலிருந்து ஓம் அம்மா, போறன் என்று சொன்னது எனக்கும் கேட்டது. நீங்கள் செபமாலையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டீர்கள். நான் படத்துக்கு முன்னால் நின்று, சரியான விடை என் கையில் இருந்தும் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லாமல் போனதே என்று வெந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் போன் அடித்தது. ஜெனிற்றா. என்னோடு அவள் தனியாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"அன்ரி, நான் மேட்டில மச்சாள் வீட்டில நிக்கிறன். கோயிலுக்குள்ள இருக்கிறன் எண்டு இப்பதான் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னனான். அவவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அப்பதான் அவ நித்திரை கொள்ளுவா."

எனக்குச் சொன்னால் நான் தாங்குவேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். தேத்தண்ணி போட்டுக்கொண்டு மேலே வந்தேன். மகள் கோயிலுக்குள் இருக்கிறாள், இனிப் பயமில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டு, முகம் தெளிந்து, இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். பெற்றவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

மலை வெடிக்கவில்லை. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் நீலமாகி, படம் வெறுமையானது. இன்னும் வெடிக்கலாம், வெடிக்காமலும் விடலாம் என்று எழுதினார்கள். சனங்கள் வீடு திரும்பினார்கள். என் சந்தோசம் அதோடு புளித்துப்போயிற்று. அவள் உங்களுக்குப் பொய்யைச் சொன்னாள், எனக்கு உண்மையைச் சொன்னாள் என்று பெருமைப்பட்டேனே, இதில் யார் அவளுக்கு வேண்டியவர் என்று யோசித்துப் பார்த்தேன். நித்திரை கொள்ள வேண்டும் என்று யாரை நினைக்கிறோமோ அவர்களுக்குத்தானே பொய் சொல்லுவோம். என்னுடைய நித்திரையைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

அடுத்த மாரிக் குளிரில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். ஜெனிற்றா விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் கண்ணை மூடியபடியே, அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போகவில்லை என்றீர்கள். போனில் பின்னால் ஆடு கத்தியது கேட்டதாம். கோயிலுக்குள் ஆட்டுக்கு என்ன வேலை என்றீர்கள். அப்படியென்றால் ஏன் ஒன்றும் கேட்காமல் இருந்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"நான் நித்திரை கொள்ள வேணும் எண்டு கஷ்டப்பட்டுப் பொய் சொன்னவள். நான் முழிச்சிருந்தால் அது வீணாப்போயிடும் எல்லே," என்றீர்கள்.

தோடம்பழச் சுளையை உங்கள் வாயில் வைத்தேன். உங்களை ஒரு அடி போட வேண்டும் போலவும் இருந்தது. என்னிடம் இருந்த ஒரே ஒரு சாமான் அந்த உண்மை. அதையும் தொடக்கத்திலிருந்தே நீங்கள் வைத்திருந்திருக்கிறீர்கள்.

நீங்கள் போன பிறகு ஜெனிற்றா ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுக்கத் தொடங்கினாள். மலை ஆடினால் அளவையும் ஆழத்தையும் வரிசையாகச் சொல்லுவாள். நான் கேட்காமலே சொல்லுவாள். வெள்ளத்துக்கு எத்தனை பாலம் போகும், யார் யார் வெளிக்கிட வேண்டும் என்று எல்லாம் சொல்லுவாள். வானொலிச் செய்தியைக் கேட்பது போல இருந்து கேட்டுவிட்டு, கவனம் பிள்ளை என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகு உங்களை நினைத்து எரிச்சல் வரும். உங்களிடம் ஒருநாளாவது அவள் ஆழம் சொல்லியிருப்பாளா?

இந்தக் கிழமை மலை மறுபடி தொடங்கியிருக்கிறது. நேற்று மத்தியானம் பச்சை நட்சத்திரங்களை எண்ண முடியவில்லை. சமவெளிச் சனங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று மேலே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் போன் எடுத்தாள்.

"ஒண்டுமில்லை அன்ரி. வழமையா வாற ஆட்டம்தான். நீங்கள் கொம்பியூட்டரை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட்டுப் படுங்கோ."

கண்ணுக்கு முன்னால் இன்னொரு நட்சத்திரம் விழுந்தது. ஆழம் என்ன என்று நான் கேட்கவில்லை, அக்கா. காலுக்குச் சொக்ஸ் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். ஓம் என்றாள். அப்படியென்றால் நான் நிம்மதியாகப் படுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கொம்பியூட்டரை நான் நிப்பாட்டவில்லை. நேற்றிலிருந்து வயிறு கலங்குகிறது. நீங்கள் அங்கேயிருந்து மன்றாடுவதென்றால் மன்றாடுங்கள். ஆனால் இந்தப் பயம் எனக்கென்று வந்தது. இதில் பாதி கேட்டு வந்துவிடாதீர்கள், நான் தரமாட்டேன்.