படகுக்குப் போன தேக்கு

அண்ணே,

சோறு பானையில் இருக்கிறது. அயிரைக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போகிறேன். ராத்திரி மடவார் வளாகத்துச் சித்தி வீட்டில் தங்கிவிட்டு நாளைக்குத்தான் வருவேன்.

நீ சொன்னபடி சேத்தூர் ஆசாரி வந்தார். கண்மாயில் நிற்கும் நம் பழைய படகில், கரையில் உரசி உரசி இற்றுப்போன ஓரக்கட்டையை எடுத்துவிட்டுப் புதுசு அடிக்கத் தேக்கு கேட்டார். "தங்கச்சி புஸ்தகம் அடுக்குற பலகையைக் கழட்டிக்கிடும். அம்புட்டும் ருஷ்யாக்காரன் கதை, தரையில கெடந்தா செத்தா போவான்?" என்றாயாமே. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மழைக்குத் தூண்டில் புழுவை மடிக்க என் நாவலின் கடைசிப் பக்கங்களைக் கிழித்தவன் நீ. அந்தக் கதாநாயகி கப்பல் ஏறினாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழுதேன். "கடைசி வரைக்கும் எவன்ட்டி படிப்பான்?" என்றாய்.

ஆசாரிக்கு நல்ல தேக்காகவே கொடுத்தேன். "அண்ணனுக்குத் தெரியுமா தாயி?" என்று கேட்டார். தெரிந்துவிடும் என்றேன். சாயங்காலத்துக்குள் அடித்துவிடுவார். காலையில் நீ படகை இறக்கலாம்.

என் புத்தகங்கள் பலகையில்தான் இருக்கின்றன. தொடாதே.

குருவம்மாள்

பின்பக்கம்:

நீ கடிதத்தை இந்த இடம் வரை படிக்க மாட்டாய் என்றுதான் இங்கே எழுதுகிறேன். ஆசாரி கொண்டுபோனது உன் கட்டிலின் பக்கச் சட்டம். அந்த இடத்தைச் சணலால் கட்டி, மேலே ஜமுக்காளம் விரித்திருக்கிறேன். உட்கார்ந்துவிடாதே.