ஒன்றாம் நம்பருக்கு ஒரு குப்பி எண்ணெய்

இதை யாரும் நம்பப் போவதில்லை என்று மலாக்கா கஜா பேராங் முச்சந்தியில் நின்று சத்தியம் செய்யத் தயார், மச்சான். நீ செத்துப் பதினாறு நாள் ஆயிற்று என்பதையே நான் இன்னும் நம்பவில்லை. அதனால் பாதகமில்லை.

நேற்று உன் மனைவி, என் தங்கச்சி, வந்தாள். உன் அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்ததாம்; ஒரு சின்னக் குப்பியை மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தேன். ரங்கூன் எண்ணெய். துப்பாக்கிக்குப் போடுவது.

"துப்பாக்கியே இல்லாத வீட்ல இது எதுக்குண்ணே? காயக் காயப் புதுசு வாங்கி வப்பாரு."

தெரியவில்லை என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சிறிய பதில் அதுதான்.

ஜப்பான்காரன் வந்தபோது புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை, தட்டில் இருந்த முட்டையைக்கூட முடிக்காமல் சிங்கப்பூருக்கு ஓடினார். அவருடைய இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளும், அவற்றைத் துடைத்துப் பார்த்துக்கொண்ட உன் கையில் நின்றுவிட்டன. லண்டன் பட்டறையில் ஜோடியாகச் செய்த இரட்டைக்குழல்கள். ஒன்றில் தங்கத்தால் 1 என்று பதித்திருக்கும், மற்றதில் 2. துப்பாக்கியை ஒப்படைக்காதவன் தலை போகும் என்று அறிவிப்பு வந்தது. இரண்டையும் பாயில் சுருட்டிச் சைக்கிளில் வைத்து என் வீட்டுக்கு வந்தாய்.

"ரெண்டையும் கொடுத்துத் தொலைச்சிருவோம்டா" என்றேன்.

"தொலைக்கிறதா? இதை எப்படிச் செய்றான்னு தெரியுமா உனக்கு? விளக்குப் புகையை இரும்புல பிடிச்சு மரத்துல அமுக்குவான். கரி ஒட்டின இடத்தை மட்டும் சீவுவான். மறுபடி புகை, மறுபடி சீவல். ரெண்டு குழலும் ஒரே இடத்துல சுடுற வரைக்கும் ஒட்டின ஈயத்தை உருக்கிப் பிரிச்சு, மயிரளவு நகத்தி, திரும்ப ஒட்டிச் சுட்டுப் பாப்பான். ஒரு துப்பாக்கிக்கு ரெண்டு வருசம், மச்சான்!"

என் வீட்டை நான் ஒன்றரை நாளில் கட்டியவன்.

உனக்குப் பிரியமான ஒன்றாம் நம்பரை என் விறகுக் குவியலுக்கு அடியில் செருகினாய். மறுநாள் இரண்டாம் நம்பரை மட்டும் தூக்கிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். ஒன்றாம் நம்பரைக் கொடுத்திருந்தால் இரண்டாம் நம்பர் இருக்கிறதா என்று எவன் கேட்டிருப்பான்? உன் பிரியம் நம் இரண்டு கழுத்தையும் கொண்டுபோய் நீட்டியது.

அதிகாரி அந்தத் தங்க எண்ணைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார்: "நொம்போர் சத்து மானா?" ஒன்றாம் நம்பர் எங்கே?

என் வாய் தானாகத் திறந்தது. "வெடிச்சுப் போச்சு, துவான். மட்டமான சாமான். துரை தூக்கி எறிஞ்சிட்டாரு."

நாம் பிழைத்திருக்க வேண்டும். நீதான் பொங்கிவிட்டாய். "என்னடா சொன்ன? இந்தத் துப்பாக்கி வெடிக்குமா? ஆயிரம் தடவை சுட்டாலும் வெடிக்காது!" அதை மலாயிலும் சொல்லித் தொலைத்தாய். அதிகாரி மெல்லத் தலையாட்டினார். அந்தப் பட்டறையின் பெயர் தோக்கியோ வரை போயிருந்தது போலும்.

அடுத்த அரை மணியில் சிப்பாய்கள் நம்மையும் இழுத்துக்கொண்டு என் வீட்டைச் சோதிக்க வந்து, என் விறகைக் குச்சி குச்சியாகப் பிரித்துப் போட்டார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் உதடு மட்டும் அசைந்தது.

ஒன்றுமில்லை. இரண்டு பூரான்கள், ஒரு கிழிந்த பாய். ஆளுக்கொரு அறை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "எங்கடா போச்சு?"

நாற்பது வருடம் அதையே கேட்டாய். நானும் சலிக்காமல் சொன்னேன். மலாக்கா ஆற்று முதலை விழுங்கி, ஏப்பம் விடும்போதெல்லாம் இரண்டு குண்டு பாய்கிறது என்றேன். கடல்கன்னி ஒருத்தி அதைக் கையில் பிடித்துக்கொண்டு புலாவ் புசார் தீவைக் காவல் காக்கிறாள் என்றேன். நீர்மூழ்கிக் கப்பல்காரன் பீரங்கி என்று நினைத்துக் கொண்டுபோனான் என்றேன். ஒவ்வொரு முறையும் சிரித்தாய். ஒருமுறைகூட, "போடா பொய்யா" என்று சொன்னதில்லை. இப்போது அதுதான் என்னைக் குழப்புகிறது.

நீ ஒன்றாம் நம்பரை வைத்துவிட்டுப் போன அன்று மாலையே, கல்லைக் கட்டிக் கிளேபாங் மீனவர் பலகைத்துறையிலிருந்து கடலில் இறக்கிவிட்டேன். உன் தலைக்குப் பயந்தா, என் தலைக்குப் பயந்தா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இரண்டு வருட உழைப்பு. ஒரே ஒரு குமிழி வந்தது.

தெரியாமல் காத்திருந்தாயா? திரும்பி வந்தால் துடைக்க வேண்டுமே என்று எண்ணெய் வாங்கினாயா? இல்லை, எல்லாம் தெரிந்துதான், நானாக வாய் திறக்கட்டும் என்று காயக் காயப் புதுக் குப்பி வாங்கி வைத்தாயா?

கதவுக் கீலுக்குப் போடலாம் என்கிறாள் மருமகள். தரமாட்டேன். குப்பி என் சட்டைப் பையில் இருக்கிறது; சட்டையெல்லாம் உன் வாசம்.

முதலை பொய், மச்சான். கடல்கன்னியும் கப்பலும் பொய். அத்தனை கதையிலும் தண்ணீர் மட்டும் உண்மை.