டெலிபோனிலும் ‘தூரமோ’தான்

என் அன்பு அண்ணைக்கு,

காங்கேசன்துறையில் எங்கள் பிரயாணிகள் விசாரணைக் கந்தோருக்கு டெலிபோன் வந்துவிட்டது. நீங்கள் இருந்த மேசையில்தான் வைத்திருக்கிறார்கள். பெரிய மனிதரைப்போல் கம்மென்று இருக்கும். அடித்தால் ஊரையே கூட்டிவிடும்.

உங்கள் காலத்தில் யாத்திரிகர்கள் ரயிலால் இறங்கி, மூட்டை முடிச்சோடு நேரே உள்ளே வந்து நிற்பார்கள். பிறகு தபாலட்டைகள் வந்தன. அவசரக்காரர் தந்தி அடித்தார்கள். ஆனால் முன்னால் வந்து நின்ற எவரையும் “எங்கை போறியள்?” என்று நீங்கள் கேட்டதில்லை. புறப்பட்டவரை அப்படிக் கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று ஊரில் எவரும் கேட்பதில்லையே. “தூரமோ?” என்பீர்கள். போகுமிடத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கொழும்பில் நெடுநாள் இருந்துவிட்டு வந்த புது மனேச்சருக்கு இது பிடிக்கவில்லை. “டெலிபோனிலை சுத்தி வளைக்க நேரமில்லை. எடுத்த உடனை எங்கை போறியள் எண்டு கேளும். ஏலாதெண்டால் வேறை ஆளைப் போடுவன்,” என்றார். உங்களுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த கதிரை அல்லவா? அதை இழக்க மனம் வருமா?

முதல் அழைப்பு வந்தபோது அவர் என் பக்கத்திலேயே நின்றார். கொழும்பிலிருந்து ஒரு பெண். “நாளைக்கு வெளிக்கிடுறம்,” என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். மனேச்சர் கண்ணைக் காட்டினார். எனக்கு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை, அண்ணை.

“தூரமோ, பிள்ளை?” என்று கேட்டுவிட்டேன்.

“ஓம் ஐயா, கீரிமலைக்கு. அம்மாவின்ரை அஸ்தி கரைக்க வாறம்,” என்று சொல்லி அழுதாள். ஐயர், வண்டி, தங்குவதற்கு மடம் எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்றேன்.

அவள் அழுதது மனேச்சருக்கும் கேட்டிருக்கிறது. நான் டெலிபோனை வைத்ததும் கேட்டார்:

“உம்மடை அண்ணையும் இப்பிடித்தானோ கேக்கிறவர்?”

“ஓம் ஐயா.”

“அப்ப அப்பிடியே கேளும்.”

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இப்போது கந்தோரில் எல்லோருக்கும் அதுதான் முதல் கேள்வி. மனேச்சரும் கேட்கிறார், அவர் கேட்டால் மட்டும் அதட்டுவதுபோல் இருக்கும். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

இந்தக் கதிரையில் நான் இருக்கும்வரை அந்தக் கேள்வி மாறாது, இது சத்தியம். ஊரில் எல்லோரையும் அப்படிக் கேட்டு அனுப்பிய நீங்கள் ஓர் இரவு நித்திரையிலேயே சொல்லாமல் வெளிக்கிட்டீர்கள். உங்களைக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

தூரமோ, அண்ணை?

உங்கள் கதிரையில் இருக்கும்,
உங்கள் தம்பி