டிக்கிக்குள் போகாத நாற்காலி

3.3.2006, வெள்ளி

மைனஸ் எட்டு. ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு மேடு. தெருப் பனியை யாரும் வாரவில்லை. சக்கர நாற்காலியின் சில்லைத் தள்ளித் தள்ளி இடது தோள் நெருப்பு.

ஃபிசியோ திட்டினாள். பதினொரு வருடமாகக் கைகளால் நடக்கிறாயாம், தோள் தேய்ந்துவிட்டதாம். மின்சார நாற்காலிக்கு விண்ணப்பம் எழுதவா என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன். பொய். இந்த நாற்காலி மடிந்து சேகரின் சின்னக் காரின் டிக்கிக்குள் போகும். மின்சார நாற்காலி மடியாது. அதோடு அவரோடு காரில் சுற்றும் என் ஞாயிற்றுக்கிழமைகளும் போச்சு.

வாங்க: பால், வலி ஜெல், எலுமிச்சை ஊறுகாய் (சேகருக்கு. கோயம்புத்தூர்க்காரருக்கு எங்கள் ஊர் உறைப்புப் பிடித்துவிட்டது).

5.3, ஞாயிறு

நல்ல வெயில். தலை பின்னக் கை உயரவில்லை. மூன்று தரம் நிறுத்தி நிறுத்திப் பின்னினேன். நீலச் சட்டை. பத்து மணிக்கு அவருக்குப் போன். "நான் வெளிக்கிட்டிட்டன்."

பதினொன்று. பன்னிரண்டு. ஆளைக் காணவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் உருண்டபடி நான்.

ஒரு மணிக்கு அவரே எடுத்தார்.

"வெளியில போயிட்டேன்னு சொன்னீங்களே? ஸ்டேஷன்ல தேடிட்டுத் திரும்பிட்டேங்க."

"ஐயோ, வெளிக்கிட்டிட்டன் எண்டால் உடுத்து ஆயத்தம் எண்டு அர்த்தம்!"

இருவருக்கும் சிரிப்பு. இப்ப வரட்டுமா என்றார். பின்னியதோடு கை செத்துப்போயிருந்தது, கார் சீற்றுக்கு எப்படித் தாவுவது? வேலை இருக்கு என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். விசரி, சரியான பைத்தியம்.

7.3, செவ்வாய்

திரும்பவும் பனி. வேலைக்குப் போகவில்லை. தேநீர்க் கோப்பையைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருக்கிறது.

ஞாயிறுகளில் நாங்கள் போகும் லோறென்ஸ்கூக் ஏரிக்கரை நினைவாகவே இருக்கிறது. நான் காருக்குள் தாவும்போது சேகர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பார். கேட்காமல் தொடமாட்டார். கை கொடுங்கள் என்று நானும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். வெட்கம் கெட்ட நினைப்பு, ஆனால் உண்மை.

8.3, புதன்

இரவு முழுக்க வலி. காலையில் மின்சார நாற்காலிக்கு ஃபிசியோவிடம் ஓம் சொல்லிவிட்டேன். படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சேகருக்குப் போன். "எனக்குக் கரண்ட் கதிரை வரப்போகுது. உங்கடை காருக்குள்ளை ஏத்த ஏலாது. இனி ஞாயிறு வேண்டாம்."

அவர் கேட்டது இவ்வளவுதான்.

"அந்தச் சேர் பஸ்ல ஏறுமா?"

"ஓம், ஏறும்."

"அப்ப பஸ்லயே போலாம். சேர் வர்ற வரைக்கும் ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வரட்டுங்களா?"

ஓம் என்று சொல்ல இவ்வளவு நேரமா எடுக்கும்? சொன்னேன்.

ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள்.