உன் பெயரைச் சொல்லாத விருந்தாளிகள்

அம்பொசெலி,
மழை இல்லாத மாதம்.

கொய்னெட், கொய்னெட், என் பேரன் கொய்னெட்டுக்கு, நசியேக்கு என்கிற உன் பாட்டி எழுதுவது. பெயரை இத்தனை தரம் எழுதியதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

மாடுகள் இளைத்துக் கிடக்கின்றன, சாகவில்லை. உன் சித்தப்பா மெய்தமேய் கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னான். அவன் நடுவில் தன் பேச்சை நுழைப்பான். நீ கடல் தாண்டிப் புறப்பட்ட காலையில் நான் நீட்டிய பாலைக் குடிக்காமல் குடுவையைக் கீழே வைத்தாயே, அதைக்கூட மறந்துவிடச் சொல்கிறவன் அவன். நான் மறக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நீ இருக்கும் ஊரிலிருந்து உன் சிநேகிதர்கள் வந்தார்கள். சிக்ரித், அவள் புருஷன் தோர்பியோர்ன். வாசலிலேயே உள்ளங்கையில் துப்பி அவள் நெற்றியில் தடவினேன். கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அது நம் கிழவிகளின் வாழ்த்து என்று நீ சொல்லி அனுப்பியிருக்க வேண்டாமா?

சித்தப்பா ஜீப்பில் சுற்றிக் காட்டினான். நானும் ஏறிக்கொண்டேன். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, சதுப்பில் இறங்கி நின்ற யானைகள், எல்லாம் பார்த்தார்கள். நம் சிவலைப் பசுவைத் தின்ற சிங்கத்தையும் காட்டினான். அழகாம். மேகம் விலகி வெள்ளை மலை தெரிந்தபோது தோர்பியோர்ன் படமாக எடுத்துத் தள்ளினான். ஆனால் அவர்கள் மலையை மட்டுமா படம் எடுத்தார்கள்? நம் முள்வேலி, நீ ஏறி விழுந்த மரம், சாணம் மெழுகிய சுவர், என் கை. ஊர் பார்க்க வந்தவன் கிழவியின் கையை எதற்குப் படம் எடுக்கிறான்?

இன்னொன்று. வந்ததிலிருந்து உன் பெயர் அவர்கள் வாயில் வரவே இல்லை. உங்கள் பேரன் என்பார்கள், எங்கள் சிநேகிதன் என்பார்கள். செத்தவர் பெயரை நாம் சொல்வதில்லை. இதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாயோ என்று நினைத்தேன். நீ இருக்கிறாயா என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவன் பாதையையே பார்த்து வண்டி ஓட்டினான்.

கடைசி நாள் சதுப்போரத்தில் யானைகள் ஒரு பழைய யானை மண்டையோட்டைத் துதிக்கையால் தடவித் தடவி நின்றன. சிக்ரித் படம் எடுக்கவில்லை, அழுதாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"கொய்னெட் உசுரோட இருக்கானா? அத மட்டும் சொல்லு."

நீ கற்றுக்கொடுத்த அரைகுறை சுவாஹிலியில் சொன்னாள்.

"இருக்கான் பாட்டி. படுத்த படுக்கையா இருக்கான். பேரச் சொன்னா அழுதுருவோம்னுதான் நாங்க சொல்லல. எனக்குப் பதிலா நீங்க போய்ப் பாத்துப் படம் எடுத்துட்டு வாங்க, பாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னான்."

ரத்தத்தில் நோயாம். விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். சித்தப்பாவுக்கு முன்பே தெரியுமாம். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நான் வருகிறேன் என்றேன். அதற்குக் காகிதம் வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை என் பேரன் இருப்பானா என்று கேட்டேன். சிக்ரித் மறுபடியும் அழுதாள். அதற்கு மேல் நான் யாரைக் கேட்பேன்?

புறப்படும்போது அவளே குனிந்து நெற்றியைக் காட்டினாள். இந்த முறை துடைக்கவில்லை.

உன் தலையைத் தொட என் கை எட்டவில்லை, கொய்னெட். இந்தக் காகிதத்தின் அடியில் துப்பியிருக்கிறேன். மை கலங்கியிருக்கும். அந்த இடத்தை நெற்றியில் வைத்துக்கொள். யாரையும் துடைக்க விடாதே.

பால் விஷயத்தில் என் கோபம் இன்னும் தீரவில்லை. குடுவை அதே இடத்தில்தான் இருக்கிறது. வந்து குடித்துத் தீர்த்துவிடு.

உன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும்,
பாட்டி நசியேக்கு.