கயல் கழுத்தில் விழுந்த மாலை

என் கைச்சோறு தின்று வளர்ந்த தம்பி பாண்டிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கூட்டாளிகள் மேல் கோபமாக இருக்கிறேன், உன் மேலும்தான். அவர்களை உட்காரவைத்துத் திட்டியாகிவிட்டது. மிச்சம் உனக்கு.

உன் தலைத்திவசம் முடிந்த வாரம் பசுமலையில் ஒரு மைதானத்தில் உனக்கு நினைவேந்தல் கச்சேரி வைத்தார்கள். நீ பாடிய ராக் பாட்டுகளை எல்லாம் உன் பேண்டு ஆட்களே பாடுவார்களாம், அதைப் படம் பிடித்துத் தியேட்டரில் போடுவார்களாம். படம் எடுத்தவன் யார் தெரியுமா? உன் பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவானே, தினேஷ், அவன்தான். மைதானத்தின் நாலு பக்கமும் கேமரா. தலைக்கு மேலே ஒன்று வண்டு மாதிரி இரைந்துகொண்டு பறந்தது. எங்களை முன்வரிசையில் உட்காரவைத்து, "அக்கா, கேமராவப் பாக்காதீங்க, சாதாரணமா இருங்க" என்றார்கள். செத்துப்போன தம்பியின் கச்சேரியில் சாதாரணமாக எப்படி இருப்பது? அதையும் அவர்களே சொல்லித் தந்திருக்கலாம்.

உள்ளதைச் சொல்கிறேன். உன் பாட்டு எனக்குப் பிடித்ததில்லை. இப்போதும் பிடிக்காது. நீ செத்துப்போனதால் அது நல்ல பாட்டாகிவிடாது. கோயிலில் நீ சின்ன வயதில் பாடிய பதிகம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு ஏன் இப்படிக் கத்தினாய் என்று உன்னைக் கேட்டுக் கேட்டு அலுத்தேன். உன் மச்சானும் அன்றைக்கு என் பக்கத்தில் காதைப் பொத்தியபடி, "பாட்டு ஆரம்பிச்சுருச்சா, இல்ல இன்னும் மைக்கு டெஸ்டிங்தானா?" என்று கேட்டார். கயல் அவரை முறைத்தாள். உன் மகள் இல்லையா, முறைப்பும் உன்னுடையதுதான்.

பிறகு பேச்சு தொடங்கியது. முடியை உச்சியில் முடிந்துகொண்ட ஒருத்தன் வந்தான். "பாண்டி அண்ணனை வீட்டுல யாருமே புரிஞ்சுக்கல" என்றான். புரியாமல்தான் உன் கிழிந்த ஜீன்ஸை அத்தனை வருஷம் துவைத்துப் போட்டேனா? தைத்துக் கொடுத்தால், "ஐயோ அக்கா, கிழிசல்தான் ஸ்டைலே" என்று நீதான் பிரித்துப்போட்டாய். இன்னொருத்தன் உன்னைக் கடவுள் என்றான். விடிந்து எழுந்து குளித்து அம்மன் முகத்தில் முழிக்கிறவள் நான். யாரைக் கடவுள் என்பது என்று ஒரு வரைமுறை இல்லையா?

அடுத்து வந்தவன், "அண்ணன் காத்தோட கலந்துட்டாரு" என்றான். கைதட்டல் காதைப் பிளந்தது. நீ காற்றோடு கலக்கவில்லை, பாண்டி. கப்பலூர்ப் பக்கம் நாலுவழிச் சாலையில் நின்றிருந்த லாரியில் போய் மோதினாய். ஹெல்மெட் உன் முதுகில் இருந்த கிட்டார்ப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. தாய் இல்லாத பிள்ளையை வைத்திருக்கிறவன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுவானா, பையில் மாட்டுவானா? இதை மேடையில் யாராவது சொன்னார்களா? சொன்னால் படத்துக்கு அழகாக இருக்காது.

அதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

விளக்கை எல்லாம் அணைத்தார்கள். மேடை நடுவில் ஒரு துணியை விலக்கினார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். மேலே "கண்ணீர் அஞ்சலி". கீழே நீ கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறாய். உன்னை ஒட்டி, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துக்கொண்டு கயல். அவளுக்கு அஞ்சு வயது இருக்கும்போது எடுத்த படம். உன் டிரம்ஸ்காரன் ஜாபர் ஒரு பெரிய ரோஜாமாலையைக் கொண்டுவந்து அந்தச் சட்டத்தின் ரெண்டு மூலையிலும் மாட்டினான். மாலை தொங்கி உன் கழுத்தையும் அவள் கழுத்தையும் சேர்த்து வளைத்தது.

நம் வீட்டுச் சுவரில் அவள் அம்மா படத்தில் மாலை இருக்கிறது. பக்கத்தில் உன் படம், அதிலும் மாலை. உயிரோடு இருக்கிற பிள்ளை படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

பின்வரிசையில் ஒரு பெண் சொன்னது தெளிவாகக் கேட்டது. "ஐயோ பாவம், பிள்ளையும் சேந்து போயிருச்சு போலயே." அதற்கு இன்னொருத்தி, "பைக்குல முன்னால வச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பான்" என்று பதிலும் சொல்லிவிட்டாள். கயல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. "எடுங்கடா மாலைய! எம் பிள்ள உசுரோட இருக்குடா!" என்று கத்தினேன். இன்னொரு வார்த்தையும் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். மாலை கம்பியில் சிக்கியிருந்தது. ஃப்ளெக்ஸோடு கட்டிப்பிடித்துப் பிய்த்துத்தான் எடுத்தேன். இதழெல்லாம் மேடை முழுக்கக் கொட்டியது. டிரம்ஸுக்குத் திரும்பியிருந்த ஜாபர் குச்சியைக் கீழே போட்டான். நான் கயலைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மறுநாள் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

தீரவில்லை. பத்து நாள் கழித்துப் படத்துக்கு ஒரு டிரெய்லர் விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி செல்லில் கொண்டுவந்து காட்டினாள். அதில் நான் வருகிறேன், பாண்டி. மெதுவாக, தண்ணிக்குள் நடக்கிற மாதிரி வருகிறேன். வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. சத்தத்துக்குப் பதிலாக வயலின் இழுக்கிறார்கள். நான் மாலையைப் பிய்ப்பது, பாசம் தாங்காமல் தம்பி படத்தைக் கட்டிக்கொண்டு அழுவது மாதிரி ஆகிவிட்டது. கொட்டிய இதழ்கள் எல்லாம் பூமாரி. மாலையை நான் கழற்றி எடுத்ததைக் காட்டவே இல்லை, அது கயல் கழுத்தில் அப்படியே கிடக்கிறது.

கீழே ஆட்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் குட்டிப் பாப்பாவுக்கும் அஞ்சலி என்று. அப்பாவும் மகளும் அங்கேயாவது சேர்ந்து பாடட்டும் என்று. பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து, "அது நீயில்லையா, உன் தங்கச்சியா?" என்று கயலைக் கேட்டார்களாம். வந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆள் அனுப்பித் தினேஷையும் ஜாபரையும் வீட்டுக்கு வரவழைத்தேன். காபி கொடுத்தேன், வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன்.

முதலில் ஜாபர்தான் வாய் திறந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அக்கா, தப்பு எம் மேலதான். ஃப்ளெக்ஸ் கடைல பாப்பாவ வெட்டிட்டு அண்ணன மட்டும் போடச் சொன்னேன். அண்ணன் கை பாப்பா தோள்ல கெடக்கா, வெட்டுனா கை பாதில நிக்குதுன்னு அவன் அப்படியே அடிச்சுக் குடுத்துட்டான்."

"சரி, மாலைய ஏன்டா அதுல கொண்டு போய்ப் போட்ட?"

"எங்க வீட்டுல படத்துக்கு மாலை போடுற வழக்கமே இல்லக்கா. உங்க வழக்கப்படி எல்லாம் சரியா செய்யணும், அக்கா மனசு கோணக் கூடாதுன்னு நானே பூ மார்க்கெட்டுல நின்னு கட்டி வாங்கியாந்தேன். இதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருக்கா சொன்னா?"

என் மனசு கோணக் கூடாது என்று செய்தானாம். அவனைப் பாதி மன்னித்தேன். மீதியை நீ வந்து கேட்டுக்கொள்.

தினேஷ் வேறு ரகம். "அக்கா, நீங்க வந்து நின்னீங்கள்ல, அந்த ஷாட்டுதான் இந்தப் படத்தோட உசுரே. பாத்தவனெல்லாம் அழுறான்" என்றான்.

"அழுறான், சரி. எதுக்கு அழுறான்? என் பிள்ள செத்துப் போச்சுன்னுல்ல அழுறான்?"

"அது அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டது."

"நீ கத்தல எடுத்துட்டு வயலின வச்சா எப்படிடா சரியாப் புரியும்? எனக்குப் பால் கணக்குலருந்து நடந்தத நடந்தபடி எழுதித்தான் பழக்கம். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ என் வாயவே குறைச்சுட்டியே?"

"சரிக்கா, விடுங்க. அந்த இடத்தையே தூக்கிர்றேன். ஃப்ளெக்ஸே வராது. போதுமா?"

போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். கதவோரம் நின்றிருந்த கயல், "வேணாம் அத்தை" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"அந்தப் படம் நான்தான் ஜாபர் சித்தப்பாவுக்கு அனுப்புனேன். எனக்கு அது இருக்கணும். தியேட்டர்ல அம்புட்டுப் பெருசா அப்பாவும் நானும் சேந்து இருப்போம்ல."

"மாலையோடயாடி? உனக்குப் பயமா இல்லையா?"

"அன்னைக்கு இருந்துச்சு. பின்னாடி அந்த ஆன்ட்டி சொன்னப்ப, நான் நெசமாவே இல்லையோன்னு இருந்துச்சு. நீங்க போய்க் கத்துனீங்கள்ல, அப்பத்தான் போச்சு." பிறகு தினேஷைப் பார்த்தாள். "எங்க அத்தை கத்துனத ஏன் எடுத்தீங்க?"

எத்தனை சுற்றிப் போட்டேன், எத்தனை விளக்கு ஏற்றினேன். எந்தப் பரிகாரம் பிள்ளைக்கு வேலை செய்தது பார்த்தாயா?

அப்புறம்தான் சொன்னேன். "படம் இருக்கட்டும். மாலையும் கெடக்கட்டும். ஆனா என் கத்தல் அதுல வரணும். மாலையப் பாக்குறவன் எல்லாம் அதையும் கேக்கணும்."

தினேஷ் நெளிந்தான். "மூடே போயிரும்கா. ஜனங்க சிரிச்சுருவாங்க."

"சிரிக்கட்டும்டா. உசுரோட இருக்குற பிள்ளையப் பாத்துச் சிரிச்சா உனக்கு என்ன வலிக்குது?"

"சத்தமே சரியாப் பதிவாகலைக்கா."

"பொய் சொல்லாத மாப்ள" என்றான் ஜாபர், முதன்முறையாகத் தலையைத் தூக்கி. "என் டிரம்ஸ் பக்கத்து மைக்குல கணீர்னு விழுந்திருக்கு. நானே கேட்டேன்." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்தக் கெட்ட வார்த்தையும் சேந்து விழுந்திருக்கு. அத மட்டும் எடுத்துரலாமா?"

உன் மச்சான் அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்தவர், "அதுதான் கச்சேரியிலயே எனக்குப் புரிஞ்ச ஒரே வார்த்தை" என்றார். கயல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

"எதையும் எடுக்காத. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

கத்தலை வைக்கிறேன் என்று தினேஷ் ஒப்புக்கொண்டு போயிருக்கிறான். டிரெய்லரையும் மாற்றுவானாம். இன்றுவரை மாற்றவில்லை. கேட்டால் வேலை நடக்கிறது என்கிறான். எனக்கு நம்பிக்கை பாதிதான். அதனால்தான் உனக்கு எழுதுகிறதை ஊரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உன்னை ஒன்று கேட்கட்டுமா? இத்தனை பேர் உனக்காக அழுகிறார்கள், செல் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், உன்னைக் கடவுள் என்கிறார்கள். ஒருத்தனாவது உன் பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டானா? ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் சுமார். உன் கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ தட்டுகிறாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. சொல்லவில்லை. சொன்னால் முறைப்பாள்.

படம் வரட்டும். முதல் காட்சிக்கு நானும் கயலும் போவோம். உன் மச்சான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வருவார். அந்த இடம் வரும்போது என் கத்தல் வந்தால், பேசாமல் உட்கார்ந்து உன் பாட்டைக் கடைசி வரை கேட்டுவிட்டு வருவேன். வயலின் வந்தால், உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், தியேட்டர் நடுவில் கயலைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நானே எழுந்து கத்துவேன். ஒரு காட்சி விடாமல், அந்தப் படம் ஓடுகிற நாளெல்லாம் போய்க் கத்துவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த அக்கா,
உயிரோடும் நலத்தோடும் இருக்கிற கயலின் அத்தை